காலியாக வந்தால்

ஜூன் 27, வியாழன்

காலையில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. தொட்டி நிறையும்வரை பாத்திரம் துலக்கினேன். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. பிளம்பர் நாளை வருவதாகச் சொல்லி இது மூன்றாவது ‘நாளை’.

திங்கட்கிழமை இணைப்பு நடைமுறைக்கு வருகிறது. என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு விளக்கி எனக்குச் சலித்துவிட்டது. ஒரு பெரிய மருத்துவமனை, அதற்கு மூன்று கிளைகள். நோயாளியைப் பதிவு செய்யும் மென்பொருள் எங்கள் நிறுவனத்துடையது, ஜாவாவில் எழுதியது. மருந்தகமும் வார்டுகளும் பயன்படுத்துவது சென்னையிலுள்ள வேறொரு நிறுவனத்துடையது; டாட்நெட்டில் எழுதியது. பதிவு மேசையில் தட்டச்சு செய்தது வார்டுத் திரையில் தெரிய வேண்டுமானால் நடுவில் ஓர் இணையச் சேவை வேண்டும். இந்தப் பக்கம் எதை அனுப்பும், அந்தப் பக்கம் அதை எப்படிப் படிக்கும் என்று ஓர் உடன்பாடு வேண்டும். அந்த உடன்பாட்டை எழுதியவள் நான். இருபது வருடங்களுக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன். இரண்டு மென்பொருள்கள் ஒத்துப்போகும் என்று எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒத்துப்போவதுபோல் சில காலம் தெரியும்.

மதியம் ஜெபசிங் கூப்பிட்டார். சென்னை நிறுவனத்தில் எங்கள் தகவலை வாங்கிக்கொள்ளும் பகுதியை எழுதுபவர். திருநெல்வேலிக்காரர். நேரில் இருமுறைதான் பார்த்திருக்கிறேன். போனில் ஐந்து மாதமாகத் தினமும்.

“மேடம், ஒரு சின்ன விஷயம். அந்த மருந்து ஒவ்வாமைக் கட்டம் இருக்குல்லா, அது காலியா வந்தா எங்க பக்கம் முட்டி நிக்குது.”

“காலியா வந்தா கேக்கலைன்னு அர்த்தம், ஜெபசிங்.”

“அது உங்க ஊர்ல. உங்களுக்கு ஆமா, இல்ல, கேக்கலன்னு மூணு உண்டு. எங்களுக்கு ஆமா, இல்ல, ரெண்டுதான். கேக்கலன்னா நீங்க ஒண்ணுமே அனுப்ப மாட்டேங்கீங்க. அந்த ஆளுக்கு மருந்துச் சீட்டே தொறக்க மாட்டேங்கு.”

“மூணாவதா ஒண்ணு சேக்க முடியாதா?”

“சேக்கலாம். உடன்பாட்ட மாத்தணும். ரெண்டு கம்பெனியும் கையெழுத்துப் போடணும். திங்கக்கெழமைக்கு நடக்குற காரியமா? இப்போதைக்குக் காலியா வந்தா ‘இல்ல’ன்னு எடுத்துக்கிடவா?”

பதிவுப் படிவத்தைத் திறந்து பார்த்தேன். கேள்வி இருந்தது.

“எடுத்துக்கங்க. டெஸ்க்ல கேக்காம விட மாட்டாங்க.”

“ஒரு மெயில் போட்டுரட்டா?”

“மெயில் போட்டா அது மாற்றக் கோரிக்கை ஆயிரும். எங்க சார் பாத்தா தேதி தள்ளிப் போகும். முதல்ல ஓடட்டும். அடுத்த மாசம் சேத்துப் பண்ணிக்கலாம்.”

“நீங்க சொன்னாச் சரி, மேடம்.”

உடன்பாடு கையெழுத்தான பிறகு சின்னச் சின்ன விஷயங்களை இப்படிப் போனிலேயே முடித்துக்கொள்வதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தால் எதுவும் ஓடாது.

ஜூலை 1, திங்கள்

ஓடியது. எங்கள் மேலாளர் விஸ்வேஸ்வரன் மைசூர்பா வாங்கி வந்திருந்தார். ஜெபசிங் போனில், “நம்ம பிள்ள நடந்துட்டு மேடம்” என்றார். பிளம்பர் வரவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

அடுத்த கட்டத்துக்கான திருத்தங்களைப் பேசினோம். ஜெபசிங் அந்தக் காலிக் கட்டத்தை நினைவூட்டினார். இந்த மாதம் பில்லிங்கை முடித்துவிடலாம் என்றேன். மருத்துவமனை பில்லிங்குக்குத்தான் அவசரப்படுகிறது. ஒவ்வாமையைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை.

பிளம்பர் வந்தான். வாஷர் கொண்டுவரவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

சனிக்கிழமை சென்னைக்காரர்கள் தங்கள் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றியிருக்கிறார்கள். எங்களுக்கு மாற்றம் எதுவுமில்லை. நல்ல மழை.

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் அலுவலகத்துக்குள் நுழையும்போதே விஸ்வேஸ்வரன் நின்றுகொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருக்கும் நேரம் அது.

சரசாத்தாள் என்று ஒரு நோயாளி. சோமனூர்ப் பக்கம், தறிக்குப் போகிறவர், ஐம்பத்திரண்டு வயது. ஆகஸ்ட் கடைசியில் காய்ச்சலென்று வந்து பதிவு செய்திருக்கிறார். சனிக்கிழமை காலில் அடிபட்டு மறுபடியும் வந்தார். வலிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். போட்டவுடன் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. இப்போது தீவிர சிகிச்சையில் இருக்கிறார், செயற்கை சுவாசம். அதே வகை மருந்து அவருக்கு முன்பே ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வார்டுத் திரையில் மட்டும் பச்சை எழுத்தில் ‘ஒவ்வாமை: இல்லை’ என்று இருந்திருக்கிறது.

“நம்ம பக்கம் என்ன போயிருக்குதுன்னு பாருங்க பூங்கோதை” என்றார்.

பார்த்தேன். நாங்கள் எதையும் அனுப்பவில்லை. பதிவு மேசையில் கேட்கவில்லை, அதனால் கட்டம் காலி, அதனால் அனுப்பவில்லை. உடன்பாட்டில் உள்ளபடி மிகச் சரியாக நடந்திருக்கிறது.

“அப்ப நாம கிளீன்” என்றார் விஸ்வேஸ்வரன். உட்கார்ந்தார்.

ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மூன்று தரப்பும் கலந்துகொண்ட இணையவழிக் கூட்டம். மருத்துவமனை நிர்வாகி, சென்னை நிறுவனத்திலிருந்து நான்கு பேர், நாங்கள் இருவர். காலியாக வந்ததை ‘இல்லை’ என்று ஏன் எழுதினீர்கள் என்று ஜெபசிங்கைக் கேட்டார்கள்.

“இது நானா எடுத்த முடிவில்ல சார். ஓட விடுததுக்கு முன்னாடியே பூங்கோதை மேடத்துகிட்ட கேட்டேன். மேடம்தான் எடுத்துக்கச் சொன்னாங்க.”

“மெயில் இருக்கா?”

“போன்ல கேட்டேன் சார்.”

சென்னை மேலாளர் சிரித்தார். பிறகு எல்லோரும் என் பெயரைச் சொன்னார்கள். என் மைக் அணைந்திருந்தது. அதைப் போடும் நேரத்துக்குள் பல பதில்கள் தோன்றின.

“தினமும் எத்தனையோ பேசறோம். அப்படி ஒரு பேச்சு நடந்ததா எனக்கு ஞாபகமில்ல” என்றேன்.

ஜெபசிங்கின் முகம் சிறு கட்டத்தில் தெரிந்தது. வாயைத் திறந்து மூடினார். இணைப்பு தடைபட்டது போலத்தான் இருந்தது.

மாலையில் கூட்டக் குறிப்பு வந்தது. ‘அவ்வாறு எதுவும் கேட்கப்படவில்லை எனத் திருமதி பூங்கோதை தெரிவித்தார்.’ நான் அப்படித் தெரிவிக்கவில்லை. திருத்தம் கேட்கலாமா என்று யோசித்தேன். எல்லோருக்கும் போகும் மெயில், ஒரு வார்த்தைக்காகவா என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 11, புதன்

சாம்பாரில் உப்பில்லை என்றார் என் கணவர் கனகராஜ். நேற்றும் இல்லையாம், சொல்லவில்லையாம்.

செப்டம்பர் 13, வெள்ளி

சென்னை நிறுவனத்தின் அறிக்கை வந்துவிட்டது. ஆகஸ்ட் 17 ஏற்றிய புதிய பதிப்பில் ஒரு நிரலாளர் செய்த பிழையாம். அவரைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்களாம். அந்தத் தேதிக்குப் பிறகு பதிவான நோயாளிகளில் காலியாக வந்தவர்களை எல்லாம் மஞ்சளாக்கி, ‘கேட்டுப் பதிவு செய்யவும்’ என்று மாற்றிவிட்டார்கள். புதிதாக வருபவர்களுக்கும் இனி மஞ்சள்தான். எல்லாம் சரியாகிவிட்டது.

அறிக்கை எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அவர்களுக்கு அது ஒரு பதிப்பில் நேர்ந்த பிழை, ஒரு மனிதரின் பிழை. எங்களுக்கு அது எங்களுடையதல்ல. மருத்துவமனைக்கு மூன்று வாரம்தான் தவறாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை பதிவானவர்கள் அப்படியே பச்சையில் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பதிவில் தேடிப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். யாராவது பார்த்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். பார்க்க யாருக்கும் விருப்பமில்லை.

விஸ்வேஸ்வரனிடம் போய், முன்னெச்சரிக்கையாக ஜூலையிலிருந்தே மாற்றச் சொல்லலாமே என்றேன்.

“எதுக்கு? பிழை ஆகஸ்ட்லதானே வந்துச்சு?”

“சும்மா, ஒரு பாதுகாப்புக்கு.”

“ஜூலையிலயே இருந்துச்சுன்னு சொல்றீங்களா? இருந்துச்சுன்னா நாம சோதனையில பாக்காம விட்டோம்னு ஆகும். இல்லைன்னா எதுக்குச் சும்மா இருக்கற நோயாளிகளை மஞ்சளாக்கோணும்? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?”

இல்லை சார் என்றேன்.

செப்டம்பர் 14, சனி

பதிவு மேசை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். அதற்குத்தான் போனேன்.

மேசையில் இருந்த பெண் திரையைக் காட்டினாள். “ஸ்டார் போட்டதெல்லாம் கட்டாயம் கேப்போம் மேடம். பேரு, வயசு, போன் நம்பரு. இதுக்கு ஸ்டார் இல்லீங்களே. பின்னாடி பத்துப் பேரு நின்னா எங்கீங்க கேக்கறது?” அந்தப் படிவத்தில் எதற்கெல்லாம் நட்சத்திரம் என்பதும் உடன்பாட்டில் இருக்கிறது.

மேசையில் கேட்டிருக்க வேண்டும். ஊசி போடுமுன் வார்டில் கேட்டிருக்க வேண்டும். மருத்துவர் கேட்டிருக்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்ப எனக்குச் சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறினேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் கட்டைப்பை, அதற்குள் ஃபிளாஸ்க். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பெயர் தமயந்தி என்றாள். சரசாத்தாளின் மகள்.

“உங்களுதும் உள்ளதான் இருக்குதுங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல. தெரிஞ்சவங்க.”

“எங்கம்மாவுக்கு அந்த ஊசியே ஆகாதுங்க. மூணு வருசம் முந்தி அன்னூர்ல போட்டு மூஞ்சியெல்லாம் பூசணிக்காயாட்ட ஆயிருச்சு. நாங்க சிரிச்சோம். எங்கம்மா கண்ணாடியைப் பாத்துட்டு, என்னடி, நாப்பது வருசம் கழிச்சு இப்பத்தான் கன்னத்துல சதை வந்துருக்குதுன்னுச்சு.” சிரித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கேட்டிருந்தா சொல்லியிருப்போமுங்க. கூடவேதான் நின்னேன். யாருமே கேக்கலீங்க.”

ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். வேண்டாமென்று சொல்லத் தெரியவில்லை. குடித்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய நோயாளிகளின் தகவலை எங்கள் பக்கத்திலிருந்து மறுபடியும் அனுப்பினால் போதும், அங்கே மஞ்சளாகிவிடும். வழக்கமான பராமரிப்பு என்று சொல்லலாம். ஆனால் ஏற்கெனவே எழுதியதன்மேல் காலியை எழுத அவர்கள் மென்பொருள் அனுமதிக்குமா என்று தெரியவில்லை. அது தெரிந்தவர் ஒருவர்தான்.

மதிய இடைவேளையில் மொட்டை மாடிக்குப் போய் ஜெபசிங்கைக் கூப்பிட்டேன். எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“சொல்லுங்க மேடம். என் பேரு ஞாபகம் இருக்கா?”

கைப்பிடிச் சுவரோரம் நகர்ந்து நின்றேன்.

“சும்மா சொன்னேன். சொல்லுங்க.”

கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

“அப்போ பழசு அப்படியேதான் கெடக்கா?”

“ஆமா.”

“நெனச்சேன். நான் அங்கேயே சொன்னேன் மேடம், ஜூலையில இருந்தே இப்படித்தான்னு. இவன் மாட்டிக்கிட்டதும் அடுத்தவங்களையும் இழுத்துவிடப் பாக்கான்னு சொல்லிட்டாங்க. நீங்க அனுப்புனா எங்க பக்கம் ஏத்துக்கிடாது. ஒருதரம் எழுதுனதைக் காலி வந்து அழிக்க முடியாது. உள்ள இருந்துதான் மாத்தணும்.”

“வேற வழி?”

“வழியா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?”

பின்னால் பிரஷர் குக்கர் சத்தம் கேட்டது. வேலை நாளில் மதியம் வீட்டில் இருக்கிறார். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

எங்கள் மென்பொருளில் அடுத்த நாள் அனுமதியாகப் போகிறவர்களின் பட்டியலைப் பார்க்க எனக்கு உரிமை உண்டு. அதில் ஜூலையில் பதிவாகி, கட்டம் காலியாக இருப்பவர்கள் நான்கைந்து பேர்தான் வருவார்கள். காலையில் வார்டுக்குக் கூப்பிட்டு, ‘இவர்களிடம் மருந்து ஒவ்வாமை ஒருமுறை கேட்டுவிடுங்கள்’ என்று சொன்னால் போதும். கூப்பிட்டேன். மேகலா என்றொரு நர்ஸ் எடுத்தார்.

“ஸ்கிரீன்ல இல்லைன்னு வருதுங்களே. நீங்க எங்கிருந்துங்க பேசறது?”

“ரெக்கார்ட்ஸ்ல இருந்து. ஒருதடவை வாயால கேட்டுருங்க, சிஸ்டர்.”

“சரிங்க மேடம்.”

இது ஒரு தீர்வு. நிரந்தரமானதல்ல. எந்தத் தீர்வு நிரந்தரமானது?

செப்டம்பர் 20, வெள்ளி

நான்கு கட்டடங்களுக்கும் தினமும் கூப்பிடுகிறேன். மேகலா சிஸ்டர் என் குரலைக் கேட்டதும் உள்ளே பார்த்து, “அலர்ஜி மேடமுங்க, பேப்பர் குடு” என்கிறார். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். பொள்ளாச்சிக் கிளையில் இன்று ஒரு பெரியவருக்கு ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்ததாம். “நல்லவேளைங்க மேடம், நீங்க சொன்னீங்க” என்றார்கள். பிறகு இன்று முழுவதும் எனக்கு மனசு லேசாக இருந்தது. அப்படி இருந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சரசாத்தாளுக்குச் செயற்கை சுவாசம் எடுத்துவிட்டார்கள். மகளை அடையாளம் தெரிகிறதாம். மூச்சு அடைத்திருந்த நேரத்தில் மூளை பாதித்து, வலது கை தூக்க வரவில்லையாம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

“நீ வீட்டுல இருந்து யாருக்குடி காலங்காத்தால போன் பண்றே?” என்று கனகராஜ் கேட்டார்.

“ஆஸ்பத்திரிக்கு.”

“உடம்புக்கு என்ன?”

“எனக்கில்ல. வேலை.”

“உங்க ஆபீஸ்ல மெசினுக்கும் மெசினுக்கும் பேச்சுவார்த்தை பண்றதுதான வேலைம்பே? இப்ப நீயே உக்காந்து பேசறே?” என்று சிரித்தார். அவர் பம்புசெட் கடைக்காரர். மோட்டார் ஓடவில்லையென்றால் கழற்றிப் பார்ப்பார். அதற்குமேல் அவருக்குக் கவலை கிடையாது. அவரிடம் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 26, வியாழன்

காலையில் மின்சாரம் இல்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. அதே நேரம் பிளம்பர் ஒருவழியாக வாஷரோடு வந்து, குழாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மெயின் வால்வு மூடவில்லை என்றான். சமையலறை முழுக்கத் தண்ணீர். துடைத்து முடித்து அலுவலகம் போய்ச் சேரும்போது பதினொன்றாகிவிட்டது. வாடிக்கையாளர் கூட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அது முடிந்தபோது மதியம்.

இன்று கூப்பிடவில்லை.

ஒரு நாள்தான். பட்டியலில் மூன்று பேர், மூவரும் மேகலா சிஸ்டர் வார்டில். வார்டில் எப்படியும் கேட்பார்கள். இத்தனை நாளாகச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

எட்டு மணிக்கே மேகலா சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

“ஏனுங் மேடம், நேத்துக் கூப்பிடவே இல்லீங்களே? உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?”

“இல்ல, வேலை. நேத்து அந்த மூணு பேரையும் கேட்டீங்களா?”

“எந்த மூணு பேருங்க?”

“ஜூலையில பதிவானவங்க. புதுசா அட்மிட் ஆனவங்க.”

“நாங்களும் உங்க போனுக்குப் பாத்தோம் பாத்தோம். வரலைன்னதும், சரி, இன்னைக்கு யாருக்கும் அலர்ஜி இல்லையாட்ட இருக்குதுன்னு விட்டுட்டோமுங்க.”

“யாரையும் கேக்கலையா?”

“நீங்கதான் சொல்லிருவீங்களே மேடம்.”

மூன்று பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். நன்றாக இருந்தார்கள். ஊசி போட்டு, சாப்பிட்டு, ஒருவர் வீட்டுக்கே போய்விட்டார். ஒன்றும் ஆகவில்லை.

அலுவலகம் போய்ப் பையைக்கூட வைக்காமல் விஸ்வேஸ்வரன் அறைக்குப் போனேன்.

“ஜூன்ல ஜெபசிங் என்கிட்டக் கேட்டாரு சார். காலியா வந்தா இல்லைன்னு எடுத்துக்கச் சொன்னது நான்தான். மெயில் போடறேன்னாரு. வேண்டாம்னதும் நான்தான்.”

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“அன்னைக்கு ஞாபகமில்லைன்னீங்க.”

“ஞாபகம் இருந்துச்சு.”

“பூங்கோதை, யோசிச்சுப் பேசுங்க. இதை நான் இன்னும் கேக்கல. கீழ போயி ஒரு டீ குடிச்சுட்டு, வேணும்னாத் திரும்பி வாங்க.”

“கேட்டுட்டீங்க சார். ஜூலையில பதிவானவங்க எல்லாரும் இன்னும் பச்சையிலதான் இருக்காங்க. ஆஸ்பத்திரிக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

என்னைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. ஒருவருக்கொருவர் பதினாறு வருடமாகத் தெரியும். “மலை மாதிரி நம்பிட்டேன் உங்களை” என்றார். பிறகு போனை எடுத்தார்.

செப்டம்பர் 28, சனி

காலையிலிருந்து ஆயிரக்கணக்கான திரைகள் மஞ்சள். மருந்தகத்தில் வரிசை வாசலைத் தாண்டி வண்டி நிறுத்துமிடம்வரை நின்றதாம். நிர்வாகி போனில் என்னை நேரடியாகத் திட்டினார். “படிச்சவங்கதானே நீங்க?” என்றார்.

நடந்ததை எழுதிச் சென்னை நிறுவனத்துக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் அனுப்பினேன். விசாரணை முடியும்வரை எனக்குத் திட்டப் பணி கிடையாது. பழைய நோயாளிகள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அதற்கு மருத்துவமனை ஆள் கேட்டிருக்கிறது. நான் வருகிறேன் என்றேன். பரிகாரம் செய்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற எண்ணமும் வந்தது. வேறு வேலை இல்லை என்பதும் உண்மைதான்.

கனகராஜிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். “அந்தப் பொம்பளைக்குக் கை வருமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அக்டோபர் 4, வெள்ளி

தமயந்தியைப் பார்க்கப் போனேன். யாரென்று சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அன்னைக்கு எங்கையால காப்பி வாங்கிக் குடிச்சீங்களே” என்றாள். அடுத்த துணியை எடுத்து உதறி மடித்தாள். கட்டிலில் சரசாத்தாள் இடது கையால் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். வலது கைக்கு அருகில் இன்னொரு பந்து சும்மா கிடந்தது.

மாலையில் ஜெபசிங்கைக் கூப்பிட்டேன்.

“உங்க கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டேன்.”

“கேள்விப்பட்டேன் மேடம்.”

“திரும்பக் கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டாங்க. போகல. சிரிச்ச ஆளுங்க மூஞ்சிலயே தினமும் போய் முழிக்க முடியுமா? ஊருக்கு வந்துட்டேன். மச்சானுக்குப் பாத்திரக் கடை இருக்கு. பில்லுப் போடுதேன். இங்க ரெண்டு சிஸ்டம் கெடையாது, ஒண்ணுதான். அதுவும் மச்சான்தான்.”

சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

“ஒண்ணு சொல்லட்டா மேடம்? அன்னைக்கு நீங்க ‘இல்ல, கேக்கவே இல்ல’ன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் சண்டை போட்டிருப்பேன். பொய்யின்னு சொல்லியிருப்பேன். ஞாபகமில்லன்னுட்டீங்க. அதுக்கு ஒரு மனுசன் என்ன பதில் சொல்ல முடியும்?”

“மன்னிச்சிருங்க, ஜெபசிங்.”

“சரி மேடம். இனிமே போன் பண்ணாண்டாம், என்ன? கோவமெல்லாம் இல்ல. வேண்டாம், அவ்வளவுதான்.”

வைத்துவிட்டார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. மருத்துவமனையில் எல்லாக் கணினிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசை முடியும்வரை தொடக்கூடாது என்றார்கள். எனக்கு ஒதுக்கிய கணினியை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். பதிவு மேசைப் பெண் பொரிகடலைத் தட்டைக் கொண்டுவந்து என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். இங்கே எல்லோருக்கும் தெரியும்.

விசாரணை அடுத்த வாரம். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அதை யோசித்தபடியே எண்களை அழுத்துகிறேன். பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் கடன் தருகிற கம்பெனி என்று வைத்துவிடுவார்கள். பேசுபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எதுவும் இல்லை. நாங்கள் அன்று எழுதியது அவர்கள் விஷயத்தில் சரியாகவே இருந்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

பதினோரு மணிவாக்கில் கிணத்துக்கடவிலிருந்து ஒருவர் எடுத்தார். மாரண்ணன் என்று பெயர். திங்கட்கிழமை குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு வரவேண்டியவர்.

“உங்களுக்கு ஏதாவது மருந்து, மாத்திரை, ஊசி ஒத்துக்காமப் போயிருக்குதுங்களா?”

“அது ஒண்ணு இருக்குதுங். ஒரு மாத்திரை போட்டா ஒடம்பெல்லாம் தடிச்சுப்போகும்.”

“என்ன மாத்திரைன்னு தெரியுங்களா?”

“வெள்ளையா இருக்கும்.”

“பேரு?”

“பேரெல்லாம் யாருங்க பாத்தா? சம்சாரத்துக்குத்தான் தெரியும். அது அந்த அட்டையை எங்கியோ எடுத்து வச்சிருக்குது. இப்பத் தோட்டத்துல இருக்குது. நீங்க சும்மா இல்லைன்னு போட்டுக்கங்க, நான் வர்றப்பச் சொல்லிக்கறேன்.”

“வேண்டாங்க. அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கறேன்.”

“கொஞ்சம் தூரமுங்க.”

“பரவால்லீங்க.”

அவர் போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் விலகிப் போனது. தூரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே அவர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. பதில் வரவில்லை, மறுபடியும் கூப்பிட்டார். மற்ற மேசைகளில் பூசைக்கு மணி அடித்தார்கள். நான் இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, திரையில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் வைத்துக் காத்திருந்தேன்.